ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: அரசுப் பள்ளிக்கூடத்தின் வரவு செலவு

மலர்க் குழு அன்பர்கள் என்னிடம் ரயில்வேயைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, தண்டவாளத்தோடு முப்பத்து மூன்று வருடம் நடந்து ஓய்வு பெற்றவனுக்குக் கல்வி விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் கல்வியாளன் இல்லை. ஆனால் அரசாங்கப் பணம் எப்படி மேலிருந்து கீழே வருகிறது, வழியில் எங்கே நிற்கிறது, மார்ச் மாதம் வந்தால் என்ன கூத்து நடக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்துக் கணக்கும் அதே ஜாதிதான் என்பதைச் சென்ற ஆண்டு தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண் சேலம் பக்கத்துக்காரர். கணவர் கட்டட வேலை. மகள் நாலாம் வகுப்பு, அருகில் உள்ள அரசு ஆரம்பப் பள்ளியில். ஒரு நாள் காலை ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஐயா, ஸ்கூல்ல இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"நீ எதுக்கம்மா கையெழுத்துப் போடணும்?"

"கமிட்டில என் பேரும் இருக்குதாம். எனக்கே போன மாசந்தான் தெரியும்."

இந்தியில் இருந்த அந்தக் காகிதம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். பள்ளிக்கு வந்த மானியத் தொகையில் சுவருக்கு வர்ணம் அடிக்கக் குழு ஒப்புதல் தருகிறது என்று எழுதியிருந்தது. "கூட்டம் நடந்ததா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றார். பிறகு தயங்கிச் சொன்னார்: "வர்ணம் எதுக்குங்க? கக்கூஸ்ல தண்ணியே வரதில்ல. மோட்டாரு மழைக்காலத்துல எரிஞ்சு போச்சு. பொட்டப் பிள்ளைங்க மத்தியானமே வீட்டுக்கு ஓடி வருதுங்க."

யாரோ பணத்தை விழுங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பணம் வரும் பாதை

அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதாவது இரண்டு பேருக்கும் பொறுப்பு. ஆனாலும் இன்றுவரை பள்ளிச் செலவின் பெரும்பங்கை மாநில அரசுகளே சுமக்கின்றன. அதில் மிகப் பெரிய பகுதி ஆசிரியர் சம்பளம்.

கோத்தாரி கமிஷன் 1966-இல் தந்த அறிக்கையில், தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்குச் செலவிடப்பட வேண்டும் என்றது. 1968-ஆம் ஆண்டுக் கொள்கை அதை ஏற்றது, 1986-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதையே சொன்னது, 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. மத்திய, மாநில அரசுகளின் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் அந்த ஆறை நாம் இன்னும் எட்டவில்லை.

2004-இல் வரியின் மேல் 2 விழுக்காடு கல்வி வரி போட்டார்கள். 2007-இல் உயர்நிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று மேலும் 1 விழுக்காடு. 2018-இல் இரண்டையும் நீக்கி, சுகாதாரம், கல்வி இரண்டுக்குமாக 4 விழுக்காடு என்று ஆக்கினார்கள். நம்மில் வருமான வரி கட்டும் ஒவ்வொருவரும் இதைச் செலுத்துகிறோம். இந்த மேல்வரி, மாநிலங்களோடு பங்கிட்டுக் கொள்ளப்படும் வரித் தொகுப்பில் சேராது. திட்டங்களின் வழியாகத்தான் மாநிலத்துக்குப் போகும். தொடக்கக் கல்விக்கான பங்குக்கு 2005-இலேயே தனி நிதியம் ஏற்பட்டது. 2007-இல் விதித்த அந்த ஒரு விழுக்காட்டுக்கோ 2017-இல்தான் தனி நிதியத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இடையில் பத்து ஆண்டுகள் போய்விட்டன.

அந்தத் திட்டங்களில் முக்கியமானது 2001-இல் தொடங்கிய சர்வ சிக்ஷா அபியான். 2018-இல் அதையும் உயர்நிலைக் கல்வித் திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றாக்கி சமக்ர சிக்ஷா என்று பெயர் வைத்தார்கள். இதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்பது பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10.

இரண்டு கை சேர்ந்து தட்ட வேண்டிய இடத்தில் ஒரு கை நின்றால் என்ன ஆகும் என்பதை 2024-இல் பார்த்தோம். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால் தமிழ்நாட்டுக்கான 2024–25-ஆம் ஆண்டு சமக்ர சிக்ஷா தொகை, ரூ. 2,100 கோடிக்கு மேல், விடுவிக்கப்படவில்லை. 2025-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் சங்க மலரில் நான் நுழையப் போவதில்லை. இரு அரசுகளுக்கிடையே வழக்கு நடக்கும் வருடத்திலும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு பள்ளியின் கைக்கு வருவது

இப்போது கோடிகளை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கு வருவோம். சம்பளமும், சீருடையும், பாடப் புத்தகமும், மதிய உணவும் வெவ்வேறு கணக்குகளில் வரும். தலைமை ஆசிரியர் தம் பள்ளிக்காகச் செலவிடக்கூடியது ஒட்டுமொத்தப் பள்ளி மானியம் என்ற ஒரு தொகைதான். 2021-இல் திருத்திய சமக்ர சிக்ஷா விதிப்படி, முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 10,000. நூறு வரை ரூ. 25,000. இருநூற்றைம்பது வரை ரூ. 50,000. ஆயிரம் வரை ரூ. 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு.

நான் சொல்லும் பள்ளியில் 64 பிள்ளைகள். ஆகவே ரூ. 25,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 390 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், பினாயில், மின்கட்டணம், உடைந்த பெஞ்சு, ஒழுகும் கூரை எல்லாம் இதற்குள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்தக் கொஞ்சமும் எப்போது வருகிறது என்பது அடுத்த கேள்வி. அந்தப் பள்ளியில் மோட்டார் எரிந்தது ஜூலையில். பணம் வந்தது பிப்ரவரி கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும்.

முன்பெல்லாம் பணம் பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே வந்து கிடக்கும். நாடு முழுவதும் அப்படி ஆயிரக்கணக்கான கணக்குகளில் பணம் தூங்கியது உண்மை. அதைத் தடுக்க 2021 முதல் மாநிலத்துக்கு ஒரே மையக் கணக்கு என்ற முறை வந்தது. பள்ளிக்கு இருப்பது இருப்பில்லாத துணைக் கணக்கு. அதில் இவ்வளவு வரை எடுக்கலாம் என்று ஒரு வரம்பை மேலிருந்து நிர்ணயிப்பார்கள். ஆண்டு முடிந்தால் அந்த வரம்பு போய்விடும். பணம் முடங்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் வரம்பு தாமதமாக வந்தால், தலைமை ஆசிரியர் ஐந்து வாரத்தில் செலவழித்து ரசீது காட்ட வேண்டும். எதற்குச் சீக்கிரம் ரசீது கிடைக்குமோ அந்த வேலை நடக்கும். வர்ணம் அடிப்பவர் இரண்டு நாளில் அடித்துவிட்டுப் பில்லும் தந்துவிடுவார். போர் மோட்டாரைத் தூக்கிப் பார்த்துச் சரி செய்பவர் தேடினால்தான் கிடைப்பார். பில் கேட்டால் மறுபடி வரமாட்டார். சுவர் பளபளப்பாகவும் கழிப்பறை வறண்டும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ரயில்வே கற்ற பாடம்

இந்த இடத்தில் என் தொழிலை இழுக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் பிரிவில் நிரந்தரப் பாதை இன்ஸ்பெக்டர் கையில் இம்ப்ரெஸ்ட் என்று ஒரு சிறு ரொக்கம் இருக்கும். பெரிய தொகை இல்லை. அவசரத்துக்கு ஒரு சாமானை உள்ளூரில் வாங்கி, பிறகு கணக்குக் காட்டி மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். அனுமதி வரும்வரை பாதையைத் திறந்து வைத்திருக்க முடியாதே! பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அப்படி ஓர் ஐயாயிரம் ரூபாய் ஏப்ரல் முதல் தேதியில் கையில் இருந்திருந்தால் அந்த மோட்டார் ஆகஸ்டில் ஓடியிருக்கும்.

இன்னொன்று. சொத்தை உருவாக்குவது ஒரு செலவு, அதைக் காப்பது வேறொரு செலவு. புதுப்பிக்க வேண்டியவற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததன் விளைவை ரயில்வே அனுபவித்தது. வயது கடந்த தண்டவாளமும் பாலமும் சிக்னலும் பாக்கியாகச் சேர்ந்துவிட்டன. அந்தப் பாக்கியைத் தீர்க்கவே 2001-இல் ரூ. 17,000 கோடியில் ஒரு சிறப்புப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்த வேண்டி வந்தது. அது போதாமல் 2017–18-இல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி என்று மற்றொரு நிதி. தேய்மானத்தை வருடா வருடம் எடுத்து வைக்காதவன் ஒருநாள் மொத்தமாகக் கொடுக்கத்தான் வேண்டும். பள்ளிக் கட்டடத்துக்கும் இதே விதி. புதிய வகுப்பறைக்கு அடிக்கல் நாட்ட ஆள் வருகிறார்கள், கல்வெட்டு வைக்கிறார்கள். பத்தாண்டு கழித்துக் கூரை ஒழுகும்போது இருப்பது மேற்படி இருபத்தையாயிரம்தான்.

ஆள் இல்லாத கேங்

பணத்தை விடப் பெரிய பஞ்சம் ஆள் பஞ்சம். 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. அனுமதித்த பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. நடப்பு என்ன? மத்திய அரசின் 2024–25-ஆம் ஆண்டுப் பள்ளிப் புள்ளிவிவரப்படி நாட்டில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கு மேல்.

நம் பள்ளியில் 64 பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரை வேறொரு பள்ளியின் காலியிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மீதி அந்தத் தலைமை ஆசிரியை ஒருவர்தான். ஐந்து வகுப்பு, மதிய உணவுக் கணக்கு, ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் கணினியில் ஏற்றும் வேலை, மேலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில். மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டம் சொன்னாலும் தேர்தல் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மையார் ஒன்றாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார வைத்திருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. "கூட்டம் போட எனக்கு நேரம் எங்கே, அண்ணாஜி?" என்றார் இந்தியில். எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேரை வைத்துக்கொண்டு செய்த என் கேங்மேன்களின் முகம் நினைவுக்கு வந்தது. குறை ஆளுடன் ஓடும் இடத்தில் முதலில் விழுவது பரிசோதனை வேலை. பள்ளியில் அதற்குப் பெயர் கமிட்டிக் கூட்டம்.

சம்பளச் செலவைக் குறைக்கப் பல மாநிலங்கள் நிரந்தர ஆசிரியருக்குப் பதில் சிக்ஷா கர்மி, சிக்ஷா மித்ரா, விருந்து ஆசிரியர் என்ற பெயர்களில் குறைந்த தொகைக்கு ஆள் வைத்தன. வகுப்பறைக்கு ஆள் கிடைத்தது. ஆனால் ஆண்டுக்கொரு முறை வேலை இருக்குமா என்று கவலைப்படுகிறவரிடம் பத்தாண்டு நிலைத்த உழைப்பை எதிர்பார்ப்பது எப்படி?

பூட்டும் சாவியும்

சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய குடும்பங்களுக்கு அவரவர் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளிப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இந்தக் குழுவின் கடமை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இதுவே. அந்தத் திட்டம்தான் அரசின் மானியத்துக்கு அடிப்படை என்று சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆகப் பாத்திரம் துலக்கும் அந்தப் பெண்ணின் கையில் சட்டம் ஒரு சாவியைக் கொடுத்திருக்கிறது. அது சாவி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தீர்மானம் அவர் படிக்க முடியாத மொழியில் வந்தது. கூட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகும். வசதி உள்ள பெற்றோர், கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர், எல்லாரும் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றியாயிற்று. இதில் நானும் குற்றவாளிதான். கிராமத்து அரசுப் பள்ளியில் மரத்தடியில் படித்து மேலே வந்தவன், என் மக்களை எங்கே சேர்த்தேன் என்று கேட்டால் தலையைக் குனியத்தான் வேண்டும். குரல் உள்ளவர்கள் வெளியேறிய பிறகு பள்ளியில் மிச்சம் இருப்பது தேவை மட்டுமே.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. ஒரு வகுப்பில் பத்துப் பேர் அல்லது பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் அந்த மொழி ஆசிரியர் வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துவதும், தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் அரசு உதவியோடு நடப்பதும் நமக்குத் தெரியும். எங்கேயானாலும் கணக்கு ஒன்றுதான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் போகும். ஆசிரியர் இடம் போனால் இருக்கும் பிள்ளைகளும் போவார்கள். ஒரு முறை மூடிய வகுப்பைத் திரும்பத் திறந்து நான் பார்த்ததில்லை.

என்ன நடந்தது, என்ன செய்யலாம்

அந்தக் காகிதத்தின் கதையை முடித்து விடுகிறேன். தலைமை ஆசிரியையும் நானும் அந்தப் பெண்ணும் இன்னும் நான்கு தாய்மாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தோம். வர்ணத்தைப் பாதியாகக் குறைத்து, மோட்டார் சுருள் கட்டவும், குழாய் மாற்றவும் தீர்மானம் எழுதினோம். நான் இந்தியில் எழுதி, தமிழில் சொன்னேன். மார்ச் மூன்றாம் வாரம் தண்ணீர் வந்தது. மோட்டாருக்கு ஆன செலவு ஐயாயிரத்துக்குள். அதற்காக எட்டு மாதம் பெண் குழந்தைகள் அரை நாள் படிப்பை விட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆசிரியருக்கு விண்ணப்பம் கொடுத்தோம். இதை எழுதும் வரை வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் இரண்டு போயிருக்கிறது.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்:

உங்கள் வீட்டில், கடையில், கட்டட வேலையில் இருப்பவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் யாராவது குழுவில் உறுப்பினரா என்றும் கேளுங்கள். பலருக்கே தெரியாது.

குழுக் கூட்டம் ஞாயிறு அல்லது மாலையில் வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவரை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலும் அவரும் நம்மைப் போல மேலிடத்து வரம்புக்குள் மாட்டிக்கொண்டவர்தான்.

பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத உதவுங்கள். "வசதிகள் தேவை" என்று எழுதினால் பயனில்லை. எத்தனை குழாய், எத்தனை அடி, என்ன விலை என்று அளந்து எழுத வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போட்ட பிறகு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும்.

மானியம் எப்போது வந்தது, எவ்வளவு என்று தெரியாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவார்கள்.

நம் சங்கத்தில் பொறியாளர்கள், கணக்கர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு நாம் காட்டும் சுறுசுறுப்பில் கால் பங்கு போதும். செயலாளரிடம் பேசிவிட்டேன். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் நான் இருப்பேன். பள்ளிக்கூடத்துக் காகிதம் எதுவானாலும், இந்தியானாலும் ஆங்கிலமானாலும், கொண்டு வரச் சொல்லுங்கள். படித்துச் சொல்வதற்கு மூக்குக் கண்ணாடியோடு தயாராக இருக்கிறேன். கூட உட்கார இரண்டு பேர் வந்தால் நன்றாக இருக்கும்.